கைத்தச்சுக்கு ஒரு வேலைமேசை: புதியவர்களுக்கான செய்முறை வழிகாட்டி

நம் ஊர் ஆசாரிமார்கள் பெரும்பாலும் தரையில் அமர்ந்தே வேலை செய்து பழகியவர்கள். பலகையின் ஒரு முனையைச் சுவரிலோ ஒரு கட்டையிலோ முட்டுக்கொடுத்து, மறுபக்கத்தைக் காலால் மிதித்துக்கொண்டு இழைப்பார்கள். சிறு துண்டுகளைப் பாதங்களுக்கு இடையே பிடித்து உளியால் செதுக்குவார்கள். அந்த முறையில் மரத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவி உடம்புதான். இளம் வயதிலேயே பட்டறைக்குள் வந்தவர்களுக்கு அது இயல்பாகக் கைகூடியது. முப்பது, நாற்பது வயதுக்கு மேல் விருப்பத்தின் பேரில் தச்சுக்கு வருகிறவர்களின் முதுகும் முழங்காலும் அதற்கு இடம் தருவதில்லை. அவர்கள் நின்று வேலை செய்ய வேண்டும். அப்போது பாதங்கள் செய்த வேலையை ஒரு மேசை செய்தாக வேண்டும்.

அந்த வேலை என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு பலகைக்கு அகன்ற முகம், ஒடுங்கிய ஓரம், குறுக்கு வெட்டான முனை என்று மூன்று வகைப் பரப்புகள் உண்டு. இந்த மூன்றில் எதை இழைத்தாலும், அறுத்தாலும், துளைத்தாலும் பலகை அசையாமல் இருக்கும்படி பிடித்துக்கொள்வதே வேலைமேசையின் கடமை. இழுப்பறைகள், கருவி வைக்கும் பள்ளங்கள், பளபளப்பான மெருகு ஆகியவை இந்தக் கடமைக்கு உதவுவதில்லை. சில இடங்களில் குறுக்கே நிற்கவும் செய்யும். எடை அதிகமாக இருப்பதும், மேல்பலகையின் முன் ஓரமும் முன்கால்களின் முகமும் ஒரே தளத்தில் நிற்பதும்தான் இந்த மேசையில் விட்டுக்கொடுக்கக் கூடாத இரண்டு குணங்கள். மற்ற எல்லாவற்றிலும் கைவசம் உள்ள மரத்துக்கும் பணத்துக்கும் ஏற்பச் சமரசம் செய்துகொள்ளலாம்.

இங்கே விவரிக்கப்படுவது 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் தச்சர்களின் பட்டறைகளில் இருந்த வடிவத்தின் எளிமையான உருவம். அதை விரிவாகப் பதிவு செய்த ரூபோ என்ற தச்சரின் பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது. தடித்த மேல்பலகை, நான்கு பருத்த கால்கள், அவற்றை இணைக்கும் நான்கு சட்டங்கள் (நீளவாக்கில் இரண்டு நெடுஞ்சட்டங்கள், அகலவாக்கில் இரண்டு குறுக்குச் சட்டங்கள்) ஆகியவற்றோடு அமைப்பு முடிந்துவிடுகிறது. அதை 4க்கு 2 அங்குலச் சட்டங்களை ஒட்டிச் செய்யும்படி மாற்றிக்கொண்டால், பெரிய துளைகளை உளியால் வெட்டும் வேலை பெருமளவு குறைந்துவிடும். எப்படி என்பது பின்னால் வரும்.

அளவுகள்

நீளம் 6 அடி, அகலம் ஏறக்குறைய 22¾ அங்குலம், மேல்பலகையின் தடிமன் 3½ அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இடம் குறைவாக இருந்தால் நீளத்தை 5 அடியாகக் குறைக்கலாம்; அதற்கும் கீழே போனால் கதவுச் சட்டம் போன்ற நீண்ட மரங்களை இழைக்க முடியாது. அகலத்தை 24 அங்குலத்துக்கு மேல் கூட்டுவதில் பயனில்லை. மேசையின் பின்பாதி பெரும்பாலும் பொருள்களைக் குவித்து வைக்கும் இடமாகிவிடும் என்பது ஒருபுறமிருக்க, மறுபக்கம் வரை கை எட்டுவதும் சிரமமாகும்.

உயரத்தை மட்டும் பிறர் சொல்லும் எண்ணைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. வேலை செய்யும்போது அணியும் செருப்போடு, அணியாதவர் வெறுங்காலோடு, நிமிர்ந்து நின்று கைகளைத் தளர்த்தித் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை உள்ள உயரமே மேல் எல்லை. விரல் மொளி வரை உள்ள உயரம் கீழ் எல்லை. இழைப்பு வேலை அதிகம் செய்பவர் கீழ் எல்லையை ஒட்டியும், உளி வேலையும் வரைவு வேலையும் அதிகம் செய்பவர் மேல் எல்லையை ஒட்டியும் தேர்ந்தெடுக்கலாம். மரத்தாலான இழைப்புளியின் உடல் இரும்பு இழைப்புளியை விட உயரமானது என்பதால், அதைப் பயன்படுத்துவோர் ஓர் அங்குலம் குறைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரையின் கணக்குகள் 32 அங்குல உயரத்துக்குப் போடப்பட்டுள்ளன. ஐயம் இருந்தால் சற்று உயரமாகவே செய்துவிடுங்கள். காலைப் பிறகு அறுத்துக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

மரம்

மேசைக்கு எந்த மரம் சிறந்தது என்ற கேள்வியைவிட, எந்த மரம் காய்ந்தும் கனத்தும் கட்டுப்படியாகும் விலையிலும் கிடைக்கிறது என்ற கேள்வியே பயனுள்ளது. தேக்கு நிலையான மரம்தான். ஆனாலும் அந்த விலைக்கு அதை மேசைக்குச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே பணத்துக்கு அதைவிடக் கனமான நாட்டு மரம் கூடுதலாகக் கிடைக்கும். வேம்பு, வாகை, கருவேல் ஆகிய மூன்றும் இந்த வேலைக்குப் பொருத்தமானவை. கருவேல் மிகக் கடினமானது. உளியை அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும். மா மரம் மலிவாகக் கிடைக்கும், இழைக்கவும் எளிது. ஆனால் வண்டு எளிதில் துளைக்கும் என்பதால் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். தைல மரம் காயும்போது வெடிப்பதும் முறுக்கிக்கொள்வதும் அதிகம். புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. இறக்குமதியாகும் பைன் மரம் மென்மையானது, அடி பட்டால் குழி விழும். இருந்தாலும் காய்ந்தது, நேரானது, விலையும் குறைவு. பைன் மரத்தில் செய்த மேசையும் பல ஆண்டுகள் உழைக்கும். எடைக் குறைவைக் கீழ்த்தட்டில் கனமான பொருள்களை அடுக்கி ஈடுகட்டலாம்.

பழைய வீடுகளை இடித்து எடுக்கும் உத்திரங்களும் நிலைச் சட்டங்களும் விற்கும் கடைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்வது நல்லது. காரைக்குடி வட்டாரத்தில் இத்தகைய கடைகள் பெயர்பெற்றவை. பெரிய நகரங்கள் பலவற்றிலும் உண்டு. பல ஆண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த மரம் புதிதாகத் திரும்புவதில்லை, வளைவதில்லை. ஆனால் அதற்குள் புதைந்திருக்கும் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்காமல் அறுவை மில்லுக்குக் கொண்டுபோனால், மில்காரர் வாளைக் காட்டி வசைபாடுவது உறுதி. வலுவான காந்தம் ஒன்றை மரத்தின் மேல் மெல்ல நகர்த்திப் பார்த்தால் மேற்பரப்புக்கு அருகில் உள்ள இரும்பு தெரிந்துவிடும்.

வாங்கும்போது வைரம் பாய்ந்த பகுதியையே கேட்டு வாங்க வேண்டும். வெளிறான வெள்ளைப் பகுதியில்தான் வண்டும் கறையானும் முதலில் குடியேறுகின்றன. பச்சை மரமாக இருந்தால், ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு என்பது நிழலில் காயவைப்பதற்கான பழைய கணக்கு. மரம் காய்ந்துவிட்டதா என்பதை அறிய ஈரப்பதமானி இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. அடுக்கிலிருந்து ஒரு சட்டத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எடையைச் சட்டத்திலேயே பென்சிலால் குறித்து வர வேண்டும். தொடர்ந்து சில வாரங்கள் எடை குறையாமல் நின்றால் அந்த இடத்தின் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருக்கும்போது இந்தச் சோதனை ஏமாற்றும். தை முதல் பங்குனி வரை உள்ள மாதங்களே ஒட்டு வேலைக்கு ஏற்றவை.

மரக்கடையில் கன அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். மேல்பலகைக்கு 6¼ அடி நீளமுள்ள 4க்கு 2 சட்டம் 13 தேவை; இதுவே 4½ கன அடி ஆகிறது. கால்கள், இணைப்புச் சட்டங்கள், மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் தாடை, கீழ்த்தட்டுப் பலகைகள் எல்லாம் சேர்த்து 8 கன அடி வாங்கினால் போதும். இழைத்து முடித்த பின் மேசையில் ஏறக்குறைய 6 கன அடி மரம் மிஞ்சும். வேம்பு போன்ற மரமாக இருந்தால் அதன் எடை 120 கிலோவை ஒட்டி வரும். ஒரு கை இழைப்புளியின் தள்ளலுக்கு நகராமல் நிற்க இந்த எடை போதுமானது.

சட்டங்களைத் தயார் செய்தல்

ஒவ்வொரு சட்டத்தையும் நான்கு பக்கமும் இழைத்து 3½ அங்குலம் அகலம், 1¾ அங்குலம் தடிமன், அதாவது 1 அங்குலம் 6 நூல் (ஓர் அங்குலத்துக்கு 8 நூல்), என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கையாலேயே செய்ய முடியும் என்றாலும், இழைப்பதற்கு மேசையே இல்லாத நிலையில் இதைக் கையால் செய்வது வீண் பிடிவாதம். மின் இழைப்பு இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைகள் கூலிக்கு இழைத்துத் தருவார்கள். அங்கே ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்லுங்கள்: முதலில் ஒரு முகத்தையும் அதற்குச் செங்குத்தான ஓர் ஓரத்தையும் நேராக்கிய பிறகே தடிமன் இயந்திரத்தில் விட வேண்டும். வளைந்த மரத்தை நேரே தடிமன் இயந்திரத்தில் விட்டால், எங்கும் சமமான தடிமனோடு அதே வளைவு வெளியே வரும்.

இழைத்து வந்த சட்டங்களை உடனே ஒட்டிவிடாமல், இடையில் சிறு குச்சிகள் கொடுத்து அடுக்கி ஒரு வாரம் வைத்திருங்கள். உள்ளே இருந்த இறுக்கம் தளர்ந்து சில சட்டங்கள் வளையும். அவற்றைக் காலுக்கும் குறுக்குச் சட்டங்களுக்குமாகத் துண்டாக்கிக்கொண்டு, நேராக நின்றவற்றை மேல்பலகைக்கு ஒதுக்க வேண்டும்.

கால்கள்

ஒரு கால் என்பது மூன்று சட்டத் துண்டுகளை முகத்தோடு முகம் ஒட்டிய 5¼க்கு 3½ அங்குலக் கட்டை. மேசையின் முன்னிருந்து பின்னாக எண்ணினால் வெளிப்படலம், நடுப்படலம், உள்படலம் என்று மூன்றும் வரிசையாக நிற்கும். வெளிப்படலமும் உள்படலமும் 28½ அங்குல நீளம். நடுப்படலம் மட்டும் இரண்டு துண்டுகள்: தரையிலிருந்து 6½ அங்குலம் வரை ஒரு துண்டு, பிறகு 2½ அங்குலம் காலியிடம், அதற்கு மேல் 9ஆம் அங்குலத்திலிருந்து 32ஆம் அங்குலம் வரை 23 அங்குல நீளத்தில் இன்னொரு துண்டு. இப்படி ஒட்டியதும் இரண்டு இணைப்புகள் வெட்டாமலேயே கிடைத்துவிடுகின்றன. மற்ற இரண்டு படலங்களையும் தாண்டி மேலே 3½ அங்குலம் நீண்டு நிற்கும் பகுதி மேல்பலகைக்குள் போகும் கழுந்து. நடுவில் விட்ட காலியிடம் நெடுஞ்சட்டத்தின் கழுந்து நுழையும் துளை.

காலியிடத்தின் அளவு சரியாக அமைய, நெடுஞ்சட்டத்தின் கழுந்துக்கு நிகரான ஒரு மரத்துண்டைச் செய்து, அதன் மேல் பிளாஸ்டிக் டேப் சுற்றி, ஒட்டும்போது இடையில் வைத்துவிட வேண்டும். பசை முழுதும் இறுகுவதற்குள், ஏறக்குறைய அரை மணி நேரத்தில், அதைத் தட்டி வெளியே எடுத்துவிட்டு, துளைக்குள் பிதுங்கி நிற்கும் பசையை ஒரு பழைய உளியால் வழித்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அந்தத் துண்டு காலின் நிரந்தர உறுப்பாகிவிடும்.

ஒட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு உண்டு. குறுக்குச் சட்டங்களின் கழுந்து நுழைய, நான்கு கால்களின் உள்படலத்திலும் தரையிலிருந்து 11 முதல் 13½ அங்குலம் வரை, ¾ அங்குல அகலத்தில் ஊடுதுளை போட வேண்டும். தனிப் படலமாக இருக்கும்போது மரத்தின் தடிமன் 1¾ அங்குலமே என்பதால், துரப்பணத்தால் வரிசையாகத் துளைத்து உளியால் சதுரப்படுத்துவது எளிது. அடுத்து, வைஸ் பொருத்தப்போகும் முன்காலின் மூன்று படலங்களிலும் தரையிலிருந்து 2 முதல் 4¼ அங்குலம் வரை இன்னொரு ஊடுதுளை, இதுவும் ¾ அங்குல அகலத்தில், போட வேண்டும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இடது முன்கால்.

பசையைப் பொறுத்தவரை, கடைகளில் கிடைக்கும் வெள்ளைத் தச்சுப் பசை, ஃபெவிகால் போன்றது, முற்றிலும் போதுமானது. நம் ஊர் வெயிலில் அது சில நிமிடங்களிலேயே தோல் கட்டிவிடும் என்பதால் அதிகாலையிலோ மாலையிலோ ஒட்டுங்கள். பசையின்றி ஒருமுறை எல்லாவற்றையும் அடுக்கிக் கிளாம்ப் போட்டுப் பார்த்துவிட்டு, கிளாம்புகளை அளவு மாற்றாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். இரண்டு முகங்களிலும் மெல்லிதாகப் பூசி, 6 அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப் வீதம் நடுவிலிருந்து முனைகளை நோக்கி இறுக்கினால் சட்டங்கள் வழுக்கிப் போகாது.

இணைப்புச் சட்டங்கள்

நெடுஞ்சட்டங்கள் இரண்டு. மேசையின் இரு முனைகளிலும் கால்களுக்கு வெளியே 10 அங்குலம் நீண்டிருக்கும்படி வைத்தால், கால்களுக்கு இடைப்பட்ட தூரம் 45 அங்குலம். இரு கால்களையும் ஊடுருவும் கழுந்துகளோடு சேர்த்து மொத்த நீளம் 52 அங்குலம். சட்டத்தின் தடிமனை அப்படியே விட்டுவிட்டு, மேலும் கீழும் அரை அங்குலம் மட்டும் வெட்டி எடுத்தால் 2½ அங்குல அகலக் கழுந்து கிடைக்கும். குறுக்குச் சட்டங்களும் இரண்டு. கால்களுக்கு இடையே 12¼ அங்குலம், இரு கழுந்துகளோடு சேர்த்து 15¾ அங்குலம். இவற்றின் கழுந்தை நான்கு பக்கமும் வெட்டி ¾ அங்குலத் தடிமனுக்குக் கொண்டுவர வேண்டும்.

வெட்டும்போது அளவுகோலை நம்புவதைவிட எதிர்க்கட்டையையே அளவாகக் கொள்வது மேல். துளை எந்த அகலத்துக்கு அமைந்ததோ அதைச் சட்டத்தின் மேல் வைத்துக் கத்தியால் கீறிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே அறுத்து, உளியால் சிறிது சிறிதாகச் சீவிப் பொருத்த வேண்டும். கையால் அழுத்தி முக்கால்வாசி நுழைந்து, மீதிக்குக் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் நாலு தட்டுக் கேட்டால் அது சரியான இறுக்கம்.

இந்த மூட்டுகளைப் பசையை மட்டும் நம்பி விடக் கூடாது. நம் கதவு நிலைகளில் மூங்கில் ஆணி அடிக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும். முதலில் காலில் மட்டும் 3 நூல் விட்டமுள்ள துளையைப் போட வேண்டும். கழுந்தை முழுதாக நுழைத்து, துரப்பண முனையால் அதன் மேல் துளையின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து அரை நூல் தோள்பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் இடத்தில் சட்டம் காலோடு முட்டும் விளிம்பை நோக்கி, தள்ளிக் கழுந்தில் துளையிட வேண்டும். பிறகு மீண்டும் நுழைத்து, முனை கூராக்கிய மூங்கில் ஆணியை அடித்தால், நேரில்லாத இரு துளைகளையும் நேராக்க முயலும் ஆணி கழுந்தை உள்ளே இழுத்துத் தோளைக் காலோடு இறுக்கிவிடும். தள்ளும் திசையை மாற்றிவிட்டால் மூட்டு இறுகுவதற்குப் பதிலாக வெளியே தள்ளப்படும். எனவே துளையிடும் முன் ஒவ்வொரு கழுந்திலும் திசையை அம்புக்குறியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் கிடைக்காவிட்டால் சீமைக்கருவேலம் அதே அளவுக்கு நல்லது. ஊருக்கே தொல்லையாக இருக்கும் அந்த மரம், அடர்த்தியிலும் காய்ந்தபின் சுருங்காத குணத்திலும் பல நல்ல மரங்களுக்குக் குறைந்ததல்ல. ஆணி, ஆப்பு, கொட்டாப்புளி ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது.

முதலில் இரு பக்கவாட்டுச் சட்டகங்களையும், அதாவது முன்கால், பின்கால், இடையில் குறுக்குச் சட்டம், தனித்தனியே பூட்டிப் பசை காய்ந்த பின், நெடுஞ்சட்டங்களால் அவற்றை இணைக்க வேண்டும். இணைத்ததும் மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டகம் சதுரமாக இருக்கிறது. பசை ஈரமாக இருக்கும்போதே நீளமான மூலைவிட்டத்தின் வழியே ஒரு கிளாம்ப் போட்டு இழுத்துச் சரிசெய்துவிடலாம்.

மேல்பலகை

அடிச்சட்டகம் முடிந்த பிறகே மேல்பலகையைத் தொட வேண்டும். கால்களின் கழுந்துகள் உண்மையில் எங்கே நிற்கின்றன என்பதை அளந்து, அந்த அளவுக்கே மேலே துளை விட வேண்டும் என்பதே காரணம்.

13 சட்டங்களையும் குத்தாக நிறுத்தி வரிசைப்படுத்துங்கள். இழைப்பு நார் எல்லாவற்றிலும் ஒரே திசையில் ஓடும்படி வைப்பது மிக முக்கியம். ஒரு சட்டம் எதிர்த்திசையில் இருந்தாலும் பின்னால் மேற்பரப்பை இழைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மரம் பிய்த்துக்கொண்டு வரும். கணு உள்ள முகங்களைக் கீழே திருப்பிவிடுங்கள். முன்கால்கள் 1 முதல் 3 வரையான சட்டங்களுக்கு அடியிலும், பின்கால்கள் 11 முதல் 13 வரையான சட்டங்களுக்கு அடியிலும் நிற்கின்றன. எனவே கழுந்துகள் 2ஆம், 12ஆம் சட்டங்களுக்கு நேராக வரும். அந்த இரண்டை மட்டும் மூன்று துண்டுகளாக்கி, 3½ அங்குல இடைவெளி இரண்டு விட்டு ஒட்டினால், நான்கு துளைகளும் உளி படாமலேயே அமைந்துவிடும். அதேபோல் 4ஆம் சட்டத்தில் இடது முனையிலிருந்து 6 அங்குலம் தள்ளி 2 அங்குல இடைவெளி ஒன்று விட வேண்டும். அது இழைக்கும் பலகையை முட்டுக்கொடுக்கும் தடுப்புக்கட்டைக்கு உரியது.

13 சட்டங்களையும் ஒரே நேரத்தில் ஒட்ட முயலக் கூடாது. நான்கு, ஐந்து, நான்கு என்று மூன்று கட்டுகளாக ஒட்டி, அவை காய்ந்ததும் ஒட்டும் முகங்களை மீண்டும் இழைத்து நேராக்கி, பிறகு மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். கட்டுகளாக இருக்கும்போது ஒவ்வொன்றும் தடிமன் இயந்திரத்துக்குள் போகும் அகலத்தில் இருப்பதால், தேவைப்பட்டால் மறுபடியும் மில்லுக்குக் கொண்டுபோகலாம். கடைசி ஒட்டில் கிளாம்புகளை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் போட்டால் பலகை கிண்ணம்போல் குவிந்துவிடும்.

முடிந்த பலகை 60 கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக் கழுந்துகளின் மேல் இறக்குங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் அடிக்கடி இடம் மாறுபவர்களும் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இறுக்கமான கழுந்தும் பலகையின் எடையுமே போதும், தேவைப்படும்போது தூக்கிப் பிரித்துவிடலாம். நிரந்தரமாக வைப்பவர்கள் ஒவ்வொரு கழுந்தின் தலையிலும் இரண்டு வாள்வெட்டுப் போட்டு ஆப்பு அடிக்கலாம். அந்த வெட்டுகள் மேசையின் நீளவாக்கில் அல்லாமல் குறுக்குவாக்கில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு கழுந்தை நீளத் திசையில் விரித்து, சட்டத்தின் முனை மரத்தோடு முட்டுக்கொடுக்கும். வெட்டு நீளவாக்கில் இருந்தால் ஆப்பின் விசை பக்கத்துச் சட்டத்தின் ஒட்டைப் பிளந்துவிடும்.

மேசையைச் சுவரோரம் நிறுத்துங்கள். தரை சமமாக இல்லாவிட்டால் நான்கில் ஒரு கால் ஆடும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, நீளமான கால்களின் அடியைக் குறித்துச் சீவிவிடலாம், அல்லது குட்டையான காலுக்கு அடியில் மெல்லிய மரத்துண்டை ஒட்டலாம். பிறகு மேற்பரப்பைத் தட்டையாக்குவது. நேரான, சம அகலமுள்ள இரண்டு குச்சிகளை மேசையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒரு முனையிலிருந்து குனிந்து இரண்டின் மேல் விளிம்பையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் பலகையின் முறுக்கு கண்ணுக்குத் தெரியும். உயர்ந்து தெரியும் மூலைகளைப் பென்சிலால் கிறுக்கிக்கொண்டு, முதலில் குறுக்குவாக்கில் இழைக்க வேண்டும். பின்ஓரத்தில் மரம் பிய்ந்து தெறிக்காமல் இருக்க அந்த விளிம்பைச் சற்று சாய்வாகச் சீவிவிட்டுத் தொடங்குங்கள். பென்சில் கோடுகள் எல்லா இடத்திலும் மறைந்த பிறகு மூலைவாக்கிலும் கடைசியாக நீளவாக்கிலும் இழைத்து முடிக்கலாம். 6 அடி நீளத்தில் கால் நூல் ஏற்ற இறக்கம் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். முன் ஓரமும் முன்கால்களின் முகமும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்பதில் மட்டும் தாராளம் காட்ட வேண்டாம். நீளமான பலகையை நிறுத்தி ஓரம் இழைக்கும்போது, அது மேசையின் ஓரத்தையும் இரு கால்களையும் ஒருசேரத் தொட்டு நிற்க வேண்டும்.

பிடிப்புகள்

தடுப்புக்கட்டைக்கு 12 அங்குல நீளமான கடின மரத்துண்டு ஒன்றை, முன்பு விட்ட துளைக்குள் இறுக்கமாகப் போகும்படி சீவிக்கொள்ளுங்கள். கீழிருந்து தட்டினால் உயரும், மேலிருந்து தட்டினால் இறங்கும். முகத்தை இழைக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தே நடக்கும். பலகையைப் பூட்டிப் பூட்டி அவிழ்க்கத் தேவையில்லை.

அடுத்தது, மேசைத் துளைக்குள் இறக்கித் தலையில் ஓர் அடி அடித்தால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கொக்கி. மேலைநாட்டுத் தச்சர்கள் இதை ஹோல்ட்ஃபாஸ்ட் என்கிறார்கள். நம் இரும்புக் கடைகளில் அந்தப் பெயரைச் சொன்னால் கதவு நிலையைச் சுவரில் பதிக்கும் இரும்புப் பட்டையை எடுத்துக் கொடுப்பார்கள் என்பதால், படம் வரைந்து கொல்லரிடம் செய்யச் சொல்வதே வழி. 18 மி.மீ. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தட்டையாக்கி, வாத்துக் கழுத்துப்போல் வளைத்து, நுனி மட்டும் பலகையைத் தொடும்படி அடித்துத் தந்தால் போதும். மேசையில் போடும் துளை 20 மி.மீ. இருக்க வேண்டும். இந்தச் சிறு தளர்வு இருந்தால்தான் கம்பி துளைக்குள் சாய்ந்து கவ்வும். இறுக்கமான துளையில் அது பிடிக்காது. வழுக்கினால் கம்பியை உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். பின் ஓரத்திலிருந்து 6 அங்குலம் உள்ளே 15 அங்குலத்துக்கு ஒன்றாக நான்கு துளைகளோடு தொடங்குங்கள். வேலை போகப் போக எங்கே தேவையோ அங்கே கூட்டிக்கொள்ளலாம். முதல் நாளிலேயே மேசையைச் சல்லடையாக்க வேண்டாம்.

ஓரம் இழைக்கவும் கழுந்து அறுக்கவும் தேவைப்படுவது கால் வைஸ். 8 அங்குல அகலம், 2 அங்குலத் தடிமன், 31 அங்குல நீளமுள்ள பலகை அதன் தாடை. மேசையின் மேற்பரப்பிலிருந்து 9 அங்குலம் கீழே திருகாணி தாடையையும் காலையும் ஊடுருவிச் செல்லும். இதற்கான திருகாணியைத் தனியாக வாங்கலாம். கிடைக்காத ஊரில் லேத் பட்டறையில் 28 முதல் 32 மி.மீ. கம்பியில் 18 அங்குல நீளத்துக்குச் சதுர மரை வெட்டி, நட்டை ஓர் இரும்புத் தகட்டில் வெல்டிங் செய்து வாங்கி, அந்தத் தகட்டைக் காலின் உள்முகத்தில் போல்ட் போட்டுப் பூட்டலாம். சாதாரண முக்கோண மரை தேய்ந்து சீக்கிரம் சிக்கிக்கொள்ளும் என்பதால் சதுர மரையைத்தான் கேட்க வேண்டும்.

தாடையின் அடியில் ¾ அங்குலத் தடிமனுக்குச் சற்றுக் குறைந்த ஒரு கட்டையைக் கழுந்தாக்கிப் பொருத்தி, காலின் கீழே முன்பே போட்ட துளைக்குள் நுழைத்துவிட வேண்டும். அந்தக் கட்டையில் அங்குலத்துக்கு ஒன்றாக ஆணித் துளைகள் இருக்கும். பிடிக்கப்போகும் மரத்தின் தடிமனுக்கு ஏற்ற துளையில், காலின் முன்னால் ஓர் இரும்பு ஆணியைச் செருகினால், கீழே தாடை நகராமல் நிற்கும். மேலே திருகாணி இறுக்கும் விசை முழுதும் மரத்தின் மேல் விழும். இந்த ஆணி இல்லாவிட்டால் திருகத் திருகத் தாடையின் அடிப்பகுதி காலை நோக்கிச் சாய்ந்து, மேல்பகுதி மரத்தை விட்டுவிடும். ஆணியை மாற்றக் குனிய வேண்டியிருப்பது சற்றுத் தொல்லைதான். சில நாள்களில் பழகிவிடும். தாடையின் உள்முகத்தில் ஒரு தோல் துண்டை ஒட்டினால் பிடிப்பும் கூடும், மரத்தில் தழும்பும் விழாது.

முடிவு வேலைகள்

கீழ்த்தட்டுக்கு நெடுஞ்சட்டங்களின் உள்முகத்தில் ஓர் அங்குல ரீப்பர் அடித்து, அதன் மேல் பலகைகளைக் குறுக்காக, பசையோ ஆணியோ இல்லாமல் பரப்பினால் போதும். வார்னிஷோ பாலிஷோ மேசைக்கு வேண்டாம். பரப்பு வழுக்கினால் பிடிக்கும் வேலை கெடும். ஆளி விதை எண்ணெயைத் துணியால் மெல்லிதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து. எண்ணெய் காய்கையில் உண்டாகும் சூட்டில் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். திறந்த வெளியில் விரித்துக் காயவைத்த பின்னரோ தண்ணீரில் நனைத்த பின்னரோதான் அதை அப்புறப்படுத்த வேண்டும். கால்களின் அடிமுனையில் எண்ணெய் குடிக்கும் மட்டும் விடுவது தரை ஈரத்தைத் தடுக்கும்; கறையான் உள்ள இடமாக இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கடப்பாக்கல் துண்டை வைத்துவிடலாம்.

முதல் மழைக்காலம் கடந்ததும் மேல்பலகை சற்றே மேடுபள்ளமாகும். அதை உடனே சரிசெய்ய அவசரப்படாமல், மாசி வரை காத்திருந்து, மரம் மீண்டும் காய்ந்த பிறகு, குச்சிகளை வைத்துப் பார்த்து ஒருமுறை இழைத்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து இந்த வேலை கால் நாள் கூடப் பிடிக்காது.